மாயமும் துப்பும் கலந்த தொடர்களுக்கு ரசிகர்கள் நடத்தும் கலைக்களஞ்சியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென் ஆரனோவிச் எழுதும் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' தொடரின் விக்கியில், அதாவது ரசிகர்கள் நடத்தும் இணையக் கலைக்களஞ்சியத்தில், சில ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். லண்டன் காவல்துறையில் புதிதாகச் சேர்ந்த பீட்டர் கிராண்ட் என்ற இளைஞர் மந்திரம் கற்றுக்கொண்டு, வழக்கமான போலீஸ் முறையில் விளக்க முடியாத குற்றங்களைத் துப்பறிகிற கதை. ஜிம் புட்சரின் 'தி டிரெஸ்டன் ஃபைல்ஸ்' தொடரும் இதே வகைதான். அதில் சிகாகோ நகரம், தனியார் துப்பறிவாளராகத் தொழில் நடத்தும் ஹாரி டிரெஸ்டன் என்ற மந்திரவாதி. இப்படிப்பட்ட தொடர்களின் விக்கிக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்த நாவலின் முடிவையும் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

ரசிகர் கலைக்களஞ்சியம் என்றால் என்ன? யார் எழுதுகிறார்கள்?

ஒரு தொடரில் வரும் மனிதர்கள், இடங்கள், மந்திரங்கள், வழக்குகள், வாகனங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வைத்து, பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்து வைப்பது. எழுதுபவர்கள் வாசகர்கள்தான். சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தைத் திறந்து திருத்தலாம், செய்த திருத்தம் 'வரலாறு' பகுதியில் பதிவாகும்.

இந்த முறையை வார்ட் கன்னிங்ஹாம் 1995இல் தொடங்கிவைத்தார். 'விக்கி' என்பது ஹவாய் மொழிச் சொல், 'விரைவு' என்று பொருள். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். 2001இல் விக்கிப்பீடியா வந்தது. 2003இல் ஸ்டார் டிரெக் ரசிகர்கள் 'மெமரி ஆல்ஃபா' என்ற கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். இன்று ஓரளவு பெயர் பெற்ற கதைத்தொடர் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு விக்கி இருக்கிறது.

விக்கிப்பீடியா இருக்கும்போது இது தனியாக எதற்கு?

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை நிற்க வேண்டுமானால், அந்தப் பொருளைப் பற்றி வெளியார் எழுதியிருக்க வேண்டும். நாவலுக்கு மதிப்புரைகள் வந்திருக்கும், அதனால் நாவலுக்கு இடம் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு முறை கதவைத் திறந்துவிடும் காவலாளிக்கு அங்கே இடம் இல்லை. ரசிகர் விக்கியில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. துப்பறியும் தொடர் என்பதால் அந்தப் பக்கம் வீண் போகாது. அவரே மூன்று புத்தகம் தள்ளி வேறு ஒரு கதவுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடும்.

மற்ற கற்பனைத் தொடர்களின் விக்கியிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

இந்த வகைத் தொடர்கள் பெரும்பாலும் 'நான்' என்று ஒருவர் சொல்லும் கதைகள். பீட்டர் கிராண்ட் சொல்கிறார், ஹாரி டிரெஸ்டன் சொல்கிறார். நமக்குத் தெரிவதெல்லாம் அவர்கள் பார்த்தது, கேட்டது, ஊகித்தது மட்டும்தான். அதாவது நாவல் முழுக்கவே ஒரு சாட்சியின் வாக்குமூலம். சாட்சி நேர்மையானவராக இருக்கலாம், அதற்காக அவர் சொல்வது முழுவதும் சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ரிவர்ஸ் ஆஃப் லண்டனின் முதல் நாவலின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி மாதக் குளிரில், கோவன்ட் கார்டனில் இருக்கும் செயின்ட் பால் தேவாலயத்துக்கு முன்னால் ஒரு கொலை. சம்பவ இடத்தைக் காவல் காக்கும்போது ஒருவர் பீட்டரிடம் வந்து, நடந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார். அவர் பெயர் நிக்கலஸ் வால்பென்னி. அவர் ஒரு பேய். சரி, இதைக் கலைக்களஞ்சியத்தில் எப்படி எழுதுவது? 'கொலை இப்படி நடந்தது' என்று எழுதினால் தவறு. நடந்தது ஒன்று. வால்பென்னி பார்த்ததாகச் சொன்னது ஒன்று. வால்பென்னி சொன்னதாகப் பீட்டர் நமக்குச் சொல்வது இன்னொன்று. மூன்றும் கடைசிவரை ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். 'வால்பென்னி பீட்டரிடம் சொன்னபடி' என்ற மூன்று சொற்களைச் சேர்த்தால் போதும், அந்த வாக்கியம் ஒன்பதாவது புத்தகம் வந்த பிறகும் பொய்யாகாது.

தொடர் வளர வளரச் சாட்சிகளும் கூடுகிறார்கள். 2019இல் வந்த 'தி அக்டோபர் மேன்' ஜெர்மனியின் டிரியர் நகரத்தில் நடக்கிறது, கதையைச் சொல்பவர் டோபியாஸ் வின்டர் என்ற ஜெர்மன் அதிகாரி. 2021இல் வந்த 'வாட் அபிகெய்ல் டிட் தட் சம்மர்' குறுநாவலைச் சொல்பவள் பீட்டரின் உறவுக்காரப் பெண் அபிகெய்ல். அதில் போஸ்ட்மார்ட்டின் என்ற முதியவர் அடிக்குறிப்புகள் வேறு போடுகிறார். அபிகெய்ல் சொன்னது ஒரு சாட்சி என்றால் அடிக்குறிப்பு இன்னொரு சாட்சி. தொகுப்பவர் இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

பிரிட்டன் காவல்துறை பெரிய வழக்குகளுக்கு 'ஹோம்ஸ்' என்ற கணினி முறையைப் பயன்படுத்துகிறது. நாவல்களிலும் அது வருகிறது. யார்க்‌ஷயரில் நடந்த தொடர் கொலைகளின் விசாரணையில் அட்டைக் குறிப்புகள் மலையாகக் குவிந்து, ஒரே ஆளைப் பற்றிய குறிப்புகள் வெவ்வேறு பெட்டிகளில் ஒன்றையொன்று சந்திக்காமலே கிடந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு 1980களில் கொண்டுவரப்பட்ட முறை இது. யார் எங்கே வந்தார், யார் என்ன சொன்னார் என்பதைக் குறுக்காக இணைத்துவைப்பதுதான் அதன் வேலை. விக்கியும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறது. நாம் செய்வது கதைச் சுருக்கம் எழுதும் வேலை இல்லை, வழக்குக் கோப்பைப் பராமரிக்கும் வேலை. இதைப் புரிந்துகொண்டவர் எந்தப் பக்கத்தையும் நன்றாக எழுதிவிடுவார்.

நல்ல பத்தி எப்படி இருக்கும்? ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

இந்தத் தொடரில் மந்திரம் செய்தால் பக்கத்தில் இருக்கும் கைபேசி செத்துப்போகும். புதிதாக வந்த ஒருவர் இப்படி எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம்: 'மந்திரம் மின்னணுக் கருவிகளை அழிக்கும்.'

படிக்கச் சரியாகத்தான் தெரிகிறது. இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. எல்லா மின்னணுக் கருவிகளுமா? இல்லை, உள்ளே நுண்செயலி இருப்பவைதான், அந்தச் சில்லு பொடிப்பொடியாகி மணல் போலாகிவிடுகிறது. எப்போதுமா? இல்லை, கருவியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால்தான். அணைத்து வைத்திருந்தால் தப்பிக்கும். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பீட்டர் தானே சோதனை செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

அதனால் நான் இப்படி எழுதுவேன்: 'மந்திரம் செய்யும் இடத்துக்கு அருகில், மின்சாரம் ஓடும் நிலையில் உள்ள நுண்செயலிகள் சிதைந்துபோகின்றன. அணைத்து வைத்த கருவிகளுக்குச் சேதம் இல்லை என்பதைப் பீட்டர் முதல் நாவலில் சோதனைகள் மூலம் அறிகிறார்.' இதற்குப் பிறகு அத்தியாய எண். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. டிரெஸ்டன் தொடரிலும் மந்திரவாதி பக்கத்தில் வந்தால் கருவிகள் கெடும். ஆனால் விதி வேறு: அங்கே கருவி எவ்வளவு புதிதோ அவ்வளவு சீக்கிரம் பழுதாகும். அதனால்தான் அவர் பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் ஓட்டுகிறார். இரண்டு தொடரையும் படிப்பவர்கள் ஒன்றின் விதியை இன்னொன்றின் பக்கத்தில் எழுதிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நினைவிலிருந்து எழுதாதீர்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நான் இன்னும் எல்லாப் புத்தகங்களையும் படிக்கவில்லை. விக்கிக்குள் வந்தால் முடிவு தெரிந்துவிடுமா?

தெரிந்துவிட வாய்ப்பு இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காதல் கதைக்கோ போர்க் கதைக்கோ முடிவு முன்பே தெரிந்தாலும் ரசிக்க நிறைய மிச்சம் இருக்கும். துப்பறியும் கதையில், யார் செய்தார் என்று தெரிந்துவிட்டால் முதல் வாசிப்பு திரும்பக் கிடைக்காது. அதைக் கெடுத்த பாவம் கலைக்களஞ்சியத்துக்கு வரக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதம் ஒரு தவறிலிருந்து வந்தது. தொகுக்கத் தொடங்கிய புதிதில் பாத்திரங்களை வகைப்படுத்துகிற ஆசையில் 'கொலையாளிகள்' என்று ஒரு பகுப்பை உருவாக்கினேன். கட்டுரைகளுக்குள் ஸ்பாய்லர் எச்சரிக்கை, அதாவது கதையின் ரகசியம் இங்கே உடையும் என்ற எச்சரிக்கை, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பகுப்பின் பெயர் மட்டும் பக்கத்தின் அடியில் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது நாவலில் பாதியில் இருந்த ஒரு வாசகர், ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க வந்தவர், அதைப் பார்த்துவிட்டார். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் கோபமே இல்லாமல் இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார். அந்த இரண்டு வரி இன்றைக்கும் எனக்குக் குத்துகிறது. பகுப்பை அன்றே நீக்கினேன். அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதிலிருந்து சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். கட்டுரையின் முதல் வாக்கியத்தில் அந்தப் பாத்திரம் முதன்முதலில் அறிமுகமாகும்போது வாசகருக்குத் தெரிவது மட்டும்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் தேடுபொறி அந்த வாக்கியத்தைத்தான் எடுத்து முன்னால் காட்டும், பக்கத்துக்குள் வராதவர் கண்ணிலும் அது படும். தகவல் பெட்டியில் 'நிலை: இறந்தவர்' என்று போடவே மாட்டேன். பிறந்த ஆண்டைப் போடுவதற்கும் யோசிப்பேன். மாயம் கலந்த தொடரில் ஒருவரின் பிறந்த ஆண்டே பெரிய ரகசியமாக இருக்கலாம். கதையை ஒரே ஓட்டமாகச் சொல்லாமல் புத்தக வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மடித்துவைத்த பெட்டிக்குள் வைப்பேன். வாசகர் தான் படித்தவரை மட்டும் திறந்து பார்க்கலாம்.

உண்மை வரலாறுகூட ஸ்பாய்லர் ஆகலாம் என்பது பலருக்கும் தோன்றாது. நாவலில் வரும் ஒரு கட்டடத்தில் முந்தைய நூற்றாண்டுகளில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுகிறோம். அது வரலாற்று நூலில் இருக்கும் செய்திதான். ஆனால் அந்தச் செய்திதான் வழக்கின் சாவி என்றால்? என்னிடம் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. இங்கே அதைச் சொன்னால் நான் இவ்வளவு நேரம் பேசியது வீணாகிவிடும்.

நீங்கள் பாதியில் இருப்பவர் என்றால் ஒரு யோசனை: பாத்திரங்களின் பக்கங்களுக்குப் போகாமல், நீங்கள் முடித்த நாவலின் பக்கத்துக்கு மட்டும் போங்கள். அங்கிருக்கும் இணைப்புகளைத் தொடாதீர்கள்.

நாவல், காமிக்ஸ், தொலைக்காட்சித் தொடர், விளையாட்டு, இவற்றில் எதை நம்புவது?

தொடருக்குத் தொடர் மாறும். ரிவர்ஸ் ஆஃப் லண்டன் காமிக்ஸ் வரிசை 2015இல் 'பாடி வொர்க்' என்ற கதையோடு தொடங்கியது. அதை ஆரனோவிச்சும் ஆன்ட்ரூ கார்ட்மெலும் சேர்ந்து எழுதினார்கள். நாவல்களின் காலவரிசைக்கு நடுவே பொருந்துகிற கதைகள் அவை. அதனால் நாவலுக்கு இணையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

டிரெஸ்டன் கதை வேறு. 2007இல் அது தொலைக்காட்சியில் 12 பகுதிகளாக வந்தது. நாவலில் பீட்டில் கார், திரையில் ஜீப். நாவலில் மண்டை ஓட்டுக்குள் வாழும் பாப் ஓர் அறிவு ஆவி, மனிதனாக ஒருபோதும் இருந்ததில்லை. திரையில் அவர் மனித உருவில் நடமாடும் ஒரு பேய். காவல் அதிகாரி மர்ஃபியின் முதல் பெயர்கூட காரின் என்பதிலிருந்து கானி என்று மாறிவிட்டது. இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்தால் எதுவுமே உண்மையாக இராது. இரண்டு தனிக் கட்டுரைகள், தலைப்பில் எது நாவல் எது தொலைக்காட்சி என்ற குறிப்பு, மேலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்பு. இதுதான் சுத்தமான வழி.

தொடரை வைத்து வந்த மேசை விளையாட்டுகளின் விதிப் புத்தகங்களை நான் எச்சரிக்கையோடுதான் கையாளுவேன். விளையாடுவதற்கு எண்களும் விதிகளும் தேவை, அதற்காகச் சேர்க்கப்பட்டவை கதைக்குள் நடந்தவை ஆகிவிடாது.

எந்த வரிசையில் படிப்பது?

வெளிவந்த வரிசையில் படியுங்கள். கதைக்குள் நடக்கும் காலவரிசை வேறு, அதை விக்கியில் தனிப் பக்கமாகப் போட்டு வைக்கலாம். 2014இல் வந்த ஐந்தாவது நாவலான 'ஃபாக்ஸ்குளோவ் சம்மர்' கதையில் பீட்டர் லண்டனை விட்டு ஹெர்ஃபர்ட்‌ஷயர் கிராமத்துக்குப் போகிறார். அதே கோடையில் லண்டனில் அபிகெய்ல் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது 2021இல் தான் வந்தது. 2024இல் வந்த 'தி மாஸ்கரேட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' 1920களின் நியூயார்க்கில் நடக்கிறது. காலவரிசைப்படி படிக்கிறேன் என்று அதிலிருந்து தொடங்கினால், யாரைப் பார்த்து ஏன் வியக்க வேண்டும் என்றே தெரியாது.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: முதல் நாவல் பிரிட்டனில் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்', அமெரிக்காவில் 'மிட்நைட் ரயட்'. இரண்டும் 2011இல் வந்த ஒரே புத்தகம்தான். இரண்டையும் தனித்தனியாக வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. விக்கியில் ஒரு பெயரிலிருந்து மற்றதற்கு வழிமாற்று அமைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு புத்தகங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். சமாதானம் செய்துவைக்க முயலாதீர்கள்.

துப்பறியும் கதை ரசிகர்களுக்கு இது மிகப் பழைய பிரச்சினை. ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்குப் போரில் குண்டடி பட்டது தோளில் என்று 1887இல் வந்த முதல் நாவல் சொல்கிறது. 1890இல் வந்த இரண்டாவது நாவலில் வலிப்பது கால். அவருடைய பெயர் ஜான், ஆனால் ஒரு சிறுகதையில் மனைவி அவரை ஜேம்ஸ் என்று அழைக்கிறார். ரொனால்ட் நாக்ஸ் என்ற எழுத்தாளர் 1911இல் இந்தக் கதைகளை மறைநூலை ஆராய்வதுபோல ஆராய்ந்து ஒரு கட்டுரை வாசித்தார். பின்னாளில் துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ், ஜான் எச். வாட்சன் என்பதில் உள்ள 'எச்', ஹேமிஷ் என்று ஒரு விளக்கம் கொடுத்தார். ஹேமிஷ் என்பது ஜேம்ஸுக்கு ஸ்காட்லாந்து வடிவம். எவ்வளவு அழகான ஊகம்! அந்த அழகுக்காகவே அதை நேசிக்கிறேன். ஆனாலும் அது ஊகம். அதைப் பாத்திரத்தின் பெயர்ப் பெட்டிக்குள் எழுதக் கூடாது, 'ரசிகர் விளக்கங்கள்' என்ற பகுதியில், யார் சொன்னது என்ற குறிப்போடு வைக்க வேண்டும்.

முரண்பாட்டைக் கண்டால் இந்த நாவலில், இந்த அத்தியாயத்தில் இப்படி, அந்த நாவலில் அப்படி என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கதைசொல்லி மறந்துவிட்டாரா, பொய் சொன்னாரா, எழுத்தாளர் கவனிக்கவில்லையா என்று தீர்ப்பு எழுதாதீர்கள். சில சமயம் நாம் பிழை என்று நினைத்தது நான்கு புத்தகங்களுக்குப் பிறகு துப்பாக மாறி நிற்கும். முரண்பாட்டைத் 'திருத்தி' வைத்திருந்தால் அந்தத் துப்பை நாமே அழித்திருப்போம்.

எழுத்தாளர் பேட்டியில் சொன்னதைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் தனியாக. டிரெஸ்டன் ரசிகர்கள் இதற்கு 'வேர்ட் ஆஃப் ஜிம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஜிம் சொன்ன வாக்கு என்று பொருள். எழுத்தாளர் மனம் மாறலாம், மேடையில் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம், வேண்டுமென்றே வாசகரைத் திசைதிருப்பவும் செய்யலாம். துப்பறியும் கதை எழுதுபவருக்கு அது தொழில் தர்மமும்கூட. புத்தகத்தில் அச்சானதற்கும் வாயால் சொன்னதற்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள்.

கதையில் வரும் உண்மையான இடங்களைப் பற்றி எவ்வளவு எழுதலாம்?

நகரம் ஒரு பாத்திரமாகவே வாழும் கதைகள் இவை, அதனால் தாராளமாக எழுதலாம். இந்தத் தொடரில் லண்டனின் ஆறுகள் மனித உருவில் தெய்வங்களாக வருகின்றன. ஆற்றைத் தாயாகப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கற்பனை சட்டென்று பிடித்துப்போகும். ஃப்ளீட், டைபர்ன் இரண்டும் உண்மையில் இருக்கும் ஆறுகள்தாம், இன்று நகரத்துக்கு அடியில் மூடப்பட்டு ஓடுகின்றன. ஃப்ளீட் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்குக் கீழே தேம்ஸில் கலக்கிறது. பெவர்லி புரூக் என்ற சிற்றாறு இன்றும் வெளிச்சத்தில், ரிச்மண்ட் பூங்கா வழியாக ஓடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால், எந்தப் பாத்திரம் ஏன் அப்படிப் பேசுகிறது என்பது வேறு மாதிரி புரியும்.

ஒரே நிபந்தனை: எது உண்மை, எது கற்பனை என்று கோடு போட்டுக் காட்டுங்கள். ரஸல் சதுக்கம் உண்மை. அங்கே இருப்பதாகச் சொல்லப்படும், மந்திரவாதிகளின் தலைமையகமான 'ஃபாலி' கற்பனை. 'உலகில்' என்று ஒரு பகுதி, 'கதையில்' என்று ஒரு பகுதி, இரண்டு தலைப்பு போதும்.

நாவலிலிருந்து பத்திகளை அப்படியே எடுத்துப் போடலாமா?

கூடாது. மேற்கோளாக ஒன்றிரண்டு வாக்கியங்கள் போதும், மற்றதை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது. ஹாரி பாட்டர் தொடருக்கு ரசிகர் ஒருவர் நடத்திய 'லெக்ஸிகன்' என்ற இணையக் கலைக்களஞ்சியத்துக்கு, 2004இல் அதன் எழுத்தாளர் ரௌலிங்கே பரிசு கொடுத்துப் பாராட்டினார். அதை அச்சுப் புத்தகமாக விற்க ஒரு பதிப்பகம் முன்வந்தபோது, 2007இல் ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸும் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு கதையுலகத்துக்கு வழிகாட்டி நூல் எழுதுவதே குற்றம் என்று நீதிபதி சொல்லவில்லை. அப்படிப்பட்ட நூலுக்கு ஒரு பயன் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டார். தேவைக்கு மேல் மூலத்தின் சொற்களையே அள்ளியதுதான் சிக்கல், குறிப்பாக ரௌலிங் எழுதிய துணை நூல்களிலிருந்து. இழப்பீடு 6,750 டாலர். திருத்தி எழுதப்பட்ட வடிவம் 2009இல் புத்தகமாக வெளிவந்தது.

அதாவது, தகவலைத் தொகுத்துச் சொல்வது ஒரு வேலை, எழுத்தாளரின் நடையைத் தூக்கிவந்து வைப்பது வேறு வேலை. அது அமெரிக்கத் தீர்ப்பு, ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் கொஞ்சம் மாறும். ஆனால் உங்கள் கட்டுரையைப் படித்தவருக்கு நாவலை வாங்கத் தோன்ற வேண்டும், நாவலே தேவையில்லை என்று தோன்றக் கூடாது. சட்டத்தைத் தாண்டி எழுத்தாளருக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதையும் அதுதான். அட்டைப் படம், காமிக்ஸ் ஓவியம் இவற்றிலும் இதே நிதானம் வேண்டும்.

நாங்கள் எழுதியது யாருக்குச் சொந்தம்? விக்கியை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா?

பெரும்பாலான விக்கிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர்களைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தைத் தொடர்ந்தால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதனால் தொகுப்பாளர்கள் கூடிப் பேசி முழு விக்கியையும் வேறு தளத்துக்குக் கொண்டுபோகலாம். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் விக்கி 2023இல், பல விக்கிகளுக்கு இடம் தரும் ஃபேன்டம் தளத்திலிருந்து அப்படி வெளியேறியது.

ஆனால் பழைய இடத்தில் பழைய பிரதி அப்படியே நிற்கும், தேடுபொறிகள் பல காலம் அதையே காட்டும். ஒரே தொடருக்கு இரண்டு விக்கி பார்த்துக் குழம்புகிறீர்களா? 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். எங்கே ஆட்கள் நேற்றும் இன்றும் தொகுத்திருக்கிறார்களோ அதுதான் உயிரோடு இருப்பது.

என் ஆங்கிலம் சுமார்தான். நான் சேரலாமா?

சேருங்கள். இணைப்பு சரிசெய்ய, அத்தியாய எண் சேர்க்க, இரண்டு தரம் எழுதப்பட்டதை ஒன்றாக்க, அழகான ஆங்கிலம் தேவையில்லை. ஒலிப்புத்தகம் மட்டும் கேட்டவர்கள் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அச்சுப் புத்தகம் வைத்திருப்பவர் அதை நிமிடத்தில் திருத்தலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுத்த பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. வார்ப்புரு, பகுப்பு, வழிமாற்று, மணல்தொட்டி எல்லாம் இங்கேயும் அதே முறையில்தான் வேலை செய்கின்றன.

ஏஐயிடம் கேட்டு எழுதலாமா?

வேண்டாம். நாவலில் இல்லாத அத்தியாயத்தை இருப்பதாக அது சரளமாகச் சொல்லிவிடும். பொய்ச் சாட்சி ஒன்று கோப்புக்குள் நுழைந்துவிட்டால், அதை மேற்கோள் காட்டி அடுத்தவர் எழுதுவார், அப்புறம் அது எங்கிருந்து வந்தது என்று தேடவே மாதக்கணக்காகும்.

நான் எழுதியதை யாரோ அழித்துவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் வரலாற்றைப் பாருங்கள். அழித்தவர் திருத்தத்தின் சுருக்கக் குறிப்பில் காரணம் எழுதியிருப்பார். உங்கள் எழுத்து எங்கும் போய்விடவில்லை, பழைய பதிப்பில் அப்படியே இருக்கிறது. உடனே திரும்பப் போடாதீர்கள், அவர் மறுபடி அழிப்பார், நீங்கள் மறுபடி போடுவீர்கள், அந்தப் பக்கமே பூட்டப்படும். பேச்சுப் பக்கத்தில் அத்தியாய எண்ணோடு கேளுங்கள். எனக்கும் ஒருமுறை ஒரு நீண்ட கட்டுரை முழுக்க நீக்கப்பட்டது. இரண்டு நாள் மனசே சரியில்லை. பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், நான் எழுதியதில் முக்கால்வாசி பீட்டர் ஊகித்ததுதான், நடந்ததாக நாவல் எங்குமே சொல்லவில்லை. நீக்கியவரிடம் சொல்லிவிட்டு, கால்வாசியை மட்டும் திரும்பச் சேர்த்தேன். இன்று எந்தப் பக்கத்திலாவது சந்தேகம் வந்தால் நான் முதலில் கேட்பது அவரைத்தான்.

இன்றைக்கே தொடங்க வேண்டும். எதிலிருந்து?

நீங்கள் கடைசியாகப் படித்து முடித்த நாவலை எடுங்கள். ஒரே ஒரு அத்தியாயம். அதில் வரும் ஒவ்வொரு பெயரையும், எத்தனை சின்ன ஆளாக இருந்தாலும், ஒரு தாளில் எழுதுங்கள்: யார், எங்கே நின்றார், பீட்டர் அவரை நேரில் பார்த்தாரா அல்லது யாரோ சொல்லிக் கேட்டாரா. பிறகு விக்கியில் அந்தப் பெயர்களைத் தேடுங்கள். குறைந்தது இரண்டு பேருக்காவது பக்கம் இருக்காது, இருக்கும் ஒருவரின் பக்கத்தில் அத்தியாய எண் விட்டுப்போயிருக்கும். அந்த எண்ணை முதலில் சேருங்கள்.